இரும்போடு பேசுகிறவள்

மெட்டல் டிடெக்டரில் ‘டிஸ்கிரிமினேஷன்’ என்று ஓர் அமைப்பு உண்டு. நேராகத் தமிழில் சொன்னால் பாகுபாடு. எந்த உலோகத்துக்குக் கருவி குரல் கொடுக்கலாம், எதற்கு வாய் திறக்கக்கூடாது என்பதைப் பயன்படுத்துகிறவரே முடிவு செய்து வைக்கலாம். பெரும்பாலோர் முதலில் வாயடைப்பது இரும்பைத்தான். காரணம் ரொம்ப சாதாரணமானது. மண்ணுக்குள் கிடப்பதில் பெரும்பகுதி ஆணி, கம்பி, துருப்பிடித்த தகரம். ஒவ்வோர் ஆணிக்கும் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தால் இடுப்பு போய்விடும்.

அமெரிக்கா, கனடா இரண்டுக்கும் நடுவே கிடக்கும் பேரேரிகளின் கரைகளிலும் ஆற்றோரங்களிலும் இந்தக் கருவியோடு அலைகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் தேடுவது 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டுவரை அங்கே நடந்த உரோமத்தோல் வணிகத்தின் மிச்சங்களை. வார இறுதிப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கையிலுள்ள கருவி எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் விடுகிறது என்று பார்த்தால் ஒரு வரலாறு எப்படித் திரட்டப்படுகிறது என்பதும் கொஞ்சம் புரிகிறது.

கருவி வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்லிவிடலாம். தடியின் அடியில் வட்டமான கம்பிச் சுருள் இருக்கும். அதில் மாறுமின்னோட்டம் பாயும்போது உருவாகும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கும். அங்கே உலோகம் கிடந்தால் அதனுள் சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டங்கள் எழும். அவை தம் பங்குக்கு இன்னொரு காந்தப்புலத்தை மேலே அனுப்பும். அது எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதை வைத்து, கீழே கிடப்பது இரும்பா, செம்பா, வெள்ளியா என்று கருவி ஊகிக்கிறது. வெள்ளிக்கு உச்சஸ்தாயி, இரும்புக்கு அடிக்குரல். நாணய அளவுப் பொருள் என்றால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆழம்வரை கேட்கும். மெல்லிய தங்க மோதிரத்தையும் பானக் குவளையின் அலுமினிய வளையத்தையும் பிரித்தறியத் திணறும். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட, தொலைபேசிக்குப் பேர்போன அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதன் ஆதி வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தார். குண்டு கிடைக்கவில்லை. மெத்தைக்குள் இருந்த உலோகக் கம்பிகள் குழப்பிவிட்டதாகச் சொல்வார்கள். ஆக, கருவிக்குத் தெரிந்தது உலோகம் மட்டும். உடம்பு தெரியாது.

சரி, அந்தக் காடுகளுக்குள் இவ்வளவு உலோகம் எப்படிப் போயிற்று?

எல்லாம் ஒரு தொப்பிக்காக. பீவர் என்ற நீர்வாழ் கொறிவிலங்கின் தோலில் இரண்டு வகை மயிர் உண்டு. மேலே நீளமான முரட்டு மயிர். அடியில் மென்மயிர். இந்த மென்மயிரின் ஒவ்வோர் இழையிலும் நுண்ணிய கொக்கிகள் இருப்பதால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, மழைக்கும் அசையாத ஃபெல்ட்டாக இறுகும். ஐரோப்பியக் கனவான்களுக்கு அந்த ஃபெல்ட்டில் செய்த தொப்பிதான் வேண்டும். ஐரோப்பாவில் பீவர்கள் அரிதாகிவிட்ட காலத்தில் வட அமெரிக்கா கண்ணில் பட்டது. வணிகர்கள் உயர்வாக மதித்த தோலைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கஸ்தோர் க்ரா’ என்றார்கள். எண்ணெய்ப் பிசுக்கேறிய பீவர். பூர்வகுடிகள் மயிர்ப்பக்கம் உடம்பில் படும்படி குளிர்காலம் முழுக்க உடுத்திய தோல் அது. வியர்வையும் உடல் வெப்பமும் பட்டு முரட்டு மயிர் உதிர்ந்துவிட்டிருக்கும். தொப்பிக்காரனுக்குப் பாதி வேலை மிச்சம். லண்டனிலும் பாரிசிலும் கனவான்கள் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தது, பெயர் தெரியாத ஒரு க்ரீ அல்லது ஒஜிப்வே மனிதர் உடுத்திக் கழித்த ஆடையின் மயிர்.

1670 மே 2ஆம் தேதி இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஹட்சன்ஸ் பே கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். நமக்கு நன்றாகத் தெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இதைத் தங்கச்சி முறை என்று சொல்லலாம். அதன் பட்டயம் 1600இல் வந்தது. ஹட்சன் விரிகுடாவில் வந்து கலக்கும் ஆறுகள் எங்கெல்லாம் ஓடுகின்றனவோ அந்த நிலமெல்லாம் கம்பெனிக்கு என்று மன்னர் எழுதிக் கொடுத்தார். கிட்டத்தட்ட 39 லட்சம் சதுர கிலோமீட்டர். மலேசியாவைப்போல் பதினோரு மடங்குக்கும் மேல். அங்கே குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கம்பெனி பிற்காலத்தில் பல்பொருள் அங்காடியாக மாறி, 2025 ஜூன் 1ஆம் தேதி கடைசிக் கடைகளையும் மூடியது.

அதற்குப் போட்டியாக மான்ட்ரியாலிலிருந்து நார்த் வெஸ்ட் கம்பெனி கிளம்பியது. அதன் ஆட்கள் பர்ச் மரப்பட்டைப் படகுகளில் சரக்கேற்றி சுப்பீரியர் ஏரியின் கரைக்கு வருவார்கள். அங்கே கிராண்ட் போர்ட்டேஜ் என்ற இடத்தில் அருவிகளும் பாறைகளும் வழி மறிக்கும். ஆகவே சரக்கைத் தோளில் சுமந்து சுமார் 13.7 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு மூட்டை 90 பவுண்டு, அதாவது 40 கிலோவுக்குச் சற்று மேல். ஒருவர் தடவைக்கு இரண்டு மூட்டை சுமப்பார். உள்ளே போன மூட்டைகளில் துப்பாக்கி, வெடிமருந்து, ஈயக் குண்டு, கோடரி, கத்தி, பித்தளைக் குண்டான், குத்தூசி, கண்ணாடி மணி, கம்பளி, துணி, புகையிலை, சாராயம். வெளியே வந்தவற்றில் தோல்.

போகும் வழியில் தோணி கவிழ்ந்தது, கோட்டை எரிந்தது, பொருள் தொலைந்தது, உடைந்ததை வீசினார்கள். இவைதான் இன்றைக்குக் கருவியின் காதில் விழுகின்றன. கிடைக்கிற பொருள்கள் அழகானவை என்பதைச் சும்மா சொல்லக்கூடாது. பூர்வகுடிகளுக்கென்றே செய்யப்பட்ட துப்பாக்கிகளின் பக்கவாட்டில் பாம்பு வடிவப் பித்தளைத் தகடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். மரக்கட்டை மக்கிப்போனாலும் பாம்பு மட்டும் மண்ணில் சுருண்டு கிடக்கும். கிறிஸ்தவக் குறிகள் பொறித்த பித்தளை மோதிரங்கள் உண்டு. ஜெசூட் மோதிரம் என்று அவற்றுக்குப் பெயர். ஹட்சன்ஸ் பே கம்பெனி ‘மேட் பீவர்’ என்று பதப்படுத்திய ஒரு பீவர் தோலையே கணக்கு அலகாக வைத்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதற்குப் பித்தளை வில்லைகள் அடித்தபோது, எம்.பி. என்று வரவேண்டிய இடத்தில் அச்சு வெட்டியவர் என்.பி. என்று வெட்டிவிட்டார். அந்தப் பிழையோடேயே வில்லைகள் புழங்கின.

ஆனால் இவற்றில் எதற்கு விலை அதிகம், எதைக் குப்பை என்று தூக்கிப் போடுகிறார்கள் என்பதைப் பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பித்தளைக் குண்டானை எடுத்துக்கொள்வோம். முழுசாகக் கிடைத்தால் கொண்டாட்டம். 1960இல் மினசோட்டா, ஒன்டாரியோ எல்லையில் ஓடும் கிரானைட் ஆற்றின் ஹார்ஸ்டெயில் ரேப்பிட்ஸ் என்ற இடத்தில் முக்குளிப்பவர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்த 17 பித்தளைக் குண்டான்களை வெளியே எடுத்தார்கள். ஏதோ ஒரு படகு கவிழ்ந்து யார் கைக்கும் போய்ச் சேராத சரக்கு. கண்ணுக்கு நிறைவான காட்சிதான். ஆனால் அவை கடையிலிருந்து கிளம்பிய நிலையிலேயே நின்றுவிட்ட பொருள்கள். ஐரோப்பாவில் என்ன செய்தார்கள், எப்படிக் கட்டி அனுப்பினார்கள் என்பதைத்தான் அவை சொல்லும்.

கரையேறி ஊர்வந்து சேர்ந்த குண்டான் வேறு கதை. அதில் சமைத்தார்கள். ஓட்டை விழுந்தால் அடைத்தார்கள். அடைக்க முடியாதபோது வெட்டினார்கள். வெட்டிய தகட்டைச் சுருட்டிச் சின்னக் கூம்புகளாக்கி ஆடை விளிம்பில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். நடக்கும்போது நம்ம ஊர் சலங்கைபோல் ஒலிக்கும். முக்கோணமாக வெட்டி அம்புமுனை செய்தார்கள். காதணி, பதக்கம், மணி எல்லாம் அதிலிருந்து வந்தன. மிச்சம் விழுந்த ஓரத்துண்டுகள் மண்ணுக்குள் போயின. இந்தத் துண்டுகளைக் கருவிக்காரர்கள் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யார் வாங்குவார்கள்?

இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். உலோகத்தை வெள்ளைக்காரர்கள் வந்து கொடுத்த பிறகுதான் அந்த மக்கள் பார்த்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சுப்பீரியர் ஏரிக்கரையிலும் அதன் நடுவிலுள்ள ஐல் ராயல் தீவிலும் இயற்கையாகவே கிடைத்த செம்பை அடித்துத் தட்டி, ஈட்டிமுனையும் கத்தியும் குத்தூசியும் செய்த மரபு அவர்களுடையது. ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது அது. செம்புத் தகட்டை என்ன செய்யலாம் என்று அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. குண்டானை அவர்கள் வெட்டியபோது தமக்குத் தெரிந்த பழைய தொழிலைப் புதுச் சரக்கில் செய்தார்கள். அதைச் சொல்வது அந்த வெட்டுத்துண்டுதான். அதுவும் எந்த ஆழத்தில், எந்த அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில், எந்த எலும்போடு சேர்ந்து கிடந்தது என்று தெரிந்தால்தான் சொல்லும். பிடுங்கிப் பைக்குள் போட்டுவிட்டால் அது வெறும் பித்தளை.

வெள்ளியின் கதை இன்னும் கடினமானது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மான்ட்ரியால் பொற்கொல்லர்கள் பூர்வகுடிகளோடு வணிகம் செய்வதற்கென்றே வெள்ளி நகைகளை ஏராளமாகச் செய்தார்கள். ராபர்ட் குரூக்ஷாங்க் என்பவர் அவர்களில் பேர்பெற்றவர். கைக்காப்பு, மார்புப் பதக்கம், சிலுவை, சட்டையில் குத்தும் வட்டமான கொக்கிகள். கருவியில் தெளிவாக, ஆசைகாட்டும் உச்சஸ்தாயியில் ஒலிப்பவை இவை. விலையும் கூட. ஆனால் வாழும்போது அணிந்த நகையை இறந்தவரோடு சேர்த்துப் புதைப்பது அங்கே வழக்கம். ஆகவே வரிசையாக வெள்ளி ஒலிக்கும் ஓர் இடம் பல சமயம் ஒரு கல்லறை. தோண்டுகிறவர் எடுப்பது யாரோ ஒருவருடைய பாட்டியின் கழுத்திலிருந்து.

சட்டம் இதைப் பார்க்காமல் இல்லை. அமெரிக்காவில் 1979இல் வந்த தொல்பொருள் வளப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு நிலத்திலும் பூர்வகுடி நிலத்திலும் நூறாண்டு கடந்த தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பதைக் குற்றமாக்கியது. தேசியப் பூங்காக்களுக்குள் டிடெக்டரைக் கையில் பிடித்து நடப்பதே தவறு. 1990இல் வந்த இன்னொரு சட்டம், அருங்காட்சியகங்களில் இருக்கும் பூர்வகுடி எலும்புகளையும் கல்லறைப் பொருள்களையும் அந்தந்த மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. கனடாவின் ஒன்டாரியோவில் தனியார் நிலமானாலும் உரிமம் இல்லாமல் தொல்லியல் தலத்தில் கைவைக்க முடியாது. அமெரிக்காவில் தனியார் நிலம் பெரிய ஓட்டை. கல்லறையாக இல்லாதவரை நிலக்காரர் தலையாட்டினால் பல மாநிலங்களில் போதும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு டிடெக்டரே திருட்டுக் கருவி என்று முடிவுகட்டினால் அதுவும் நியாயமில்லை. 1691இல் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய செயின்ட் ஜோசப் கோட்டை மிச்சிகன் மாநிலத்தின் நைல்ஸ் நகரத்தருகே இருந்தது. இருந்த இடமே மறந்துபோயிற்று. உள்ளூர்க்காரர்கள் அதைத் தேடித் தரும்படி கேட்டு, 1998இல் மேற்கு மிச்சிகன் பல்கலைக்கழகத் தொல்லியலாளர்கள் அங்கே போனார்கள். அந்த மண்ணை நெடுநாள் அறிந்த உள்ளூர்ச் சேகரிப்பாளர்களின் துணையோடுதான் இடம் பிடிபட்டது. அணைக்கட்டினால் நிலத்தடி நீர் உயர்ந்து தலம் ஈரத்தில் ஊறிக் கிடந்ததால், பம்பு வைத்து நீரை இறக்கிக்கொண்டே தோண்டினார்கள். 1984இல் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் இருவரும் தன்னார்வலர்களை டிடெக்டர்களோடு வரிசையாக நடக்கவிட்டார்கள். ஒலித்த இடத்தில் கொடி நட்டு, இடத்தை அளந்து குறித்த பிறகுதான் பொருளை எடுத்தார்கள். 1876இல் யார் எங்கே நின்று சுட்டார், எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பது தோட்டாக்களின் வரைபடத்திலிருந்து எழுந்து வந்தது. கருவி ஒன்றுதான். தோண்டுவதற்கு முன்னால் இடத்தைக் குறிக்கிற பொறுமை இருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம்.

ஆனால் எவ்வளவு பொறுமையாகக் கேட்டாலும் கருவிக்கு எட்டாதது நிறைய இருக்கிறது. வணிகர்களின் கணக்கேடுகளைப் பார்த்தால் அதிகம் போன சரக்குகளின் முன்வரிசையில் துணியும் கம்பளியும் இருக்கின்றன. மண்ணில் துணி இல்லை, மக்கிவிட்டது. துணிக்கட்டின் தரத்துக்கு அடையாளமாகக் கோத்திருந்த ஈய முத்திரை மட்டும் கிடைக்கிறது. தோல் இல்லை, படகு இல்லை, படகைத் தைத்த வேர் இழைகள் இல்லை. வணிகப் பாதைகள் வழியே ஊர் ஊராகப் பரவிய பெரியம்மை எந்த உலோகத்தையும் விட்டுப்போகவில்லை.

தானடெல்தூர் என்ற டெனே இனப் பெண்ணின் பெயர் ஹட்சன்ஸ் பே கம்பெனி ஆவணங்களோடு சேர்ந்து பேசப்படுவது. 1713இல் க்ரீ மக்களிடம் சிறைப்பட்டவர், தப்பித்து 1714 இறுதியில் யார்க் ஃபாக்டரி என்ற கம்பெனி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு கம்பெனி ஆளோடும் க்ரீ குழுவோடும் பனிவெளி கடந்து தன் மக்களைத் தேடிப் போனார். பகைகொண்டிருந்த இரு மக்களையும், தொண்டை கட்டிப்போகும்வரை பேசி, சமாதானத்துக்குக் கொண்டுவந்தார். வடக்கே கம்பெனியின் வணிகம் விரிய அதுவே வழிவிட்டது. 1717 பிப்ரவரியில் நோயில் இறந்தார். அவர் செய்ததெல்லாம் பேச்சு. எந்தக் கருவியை வைத்து அதைத் தோண்டுவது?

இந்தக் கேள்வியைத் தொல்லியலுக்குள்ளிருந்தே கேட்டவர் ஜேனட் ஸ்பெக்டர். மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தொல்லியலாளர். 1980இல் மினசோட்டா ஆற்றங்கரையில் லிட்டில் ரேப்பிட்ஸ் என்ற இடத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாபெட்டன் டகோட்டா மக்கள் கோடைகாலத்தில் வந்து பயிர்செய்து தங்கிய ஊர் ஒன்றை அவருடைய குழு அகழ்ந்தது. குப்பைமேட்டிலிருந்து சிறிய கைப்பிடி ஒன்று வெளியே வந்தது. மான் கொம்பில் செய்தது. தோல் தைக்கும் குத்தூசியின் பிடி. அதன்மேல் வரிசையாகப் புள்ளிகளும் கோடுகளும். புள்ளிகளில் சிவப்புச் சாயம்.

வணிகத்தில் வந்த குத்தூசிகள் எல்லாத் தலங்களிலும் கிடைப்பவை. ஆனால் ஆய்வறிக்கைகளில் அவற்றை வகைப்படுத்தியதெல்லாம் இரும்பு முனையை வைத்துத்தான் என்பதை ஸ்பெக்டர் கவனித்தார். இரும்பு முனை ஐரோப்பாவில் செய்யப்பட்டது; அதன் காலத்தைக் கணிக்கலாம். கைப்பிடியோ அந்த ஊர்ப் பெண் தானே செதுக்கிக்கொண்டது. அறிக்கையில் அதற்கு ஓரிரு வரிதான். இப்படி எழுதினால் பெண்களின் கருவியே ஐரோப்பியச் செல்வாக்கின் சான்றாகிவிடும். பிடித்த கை காணாமல்போகும். டகோட்டா பெண்கள் தாங்கள் பதப்படுத்திய தோல், தைத்து முடித்த வேலைகளை இப்படிப் புள்ளிகளாகப் பொறித்து வைப்பார்கள். ஆண்கள் போர்ச் சாதனைகளைக் குறிப்பதுபோல.

டகோட்டா மக்களிடம் கேட்காமல் அகழ்வைத் தொடங்கிவிட்டோமே என்ற கேள்வி அவரை வாட்டியது. பிறகு அந்த ஊரோடு உறவுள்ள டகோட்டா குடும்பத்தினரும் பணியில் இணைந்தார்கள். 1993இல் வந்த நூலில், பொருள் பட்டியல் போட வேண்டிய இடத்தில் ஸ்பெக்டர் ஒரு சிறு புனைவை எழுதினார். அந்தக் குத்தூசி எப்படித் தொலைந்திருக்கும் என்ற கதை. அதை வைத்திருந்தவளாக அவர் கற்பனை செய்தது மாஸாஒக்கியேவின் என்ற பெண்ணை. அந்த ஊரின் தலைவர்களில் ஒருவரான மாஸாமானியின் குடும்பத்துப் பெயர் அது. டகோட்டாவில் ‘மாஸா’ என்றால் இரும்பு. அவள் பெயருக்கு இரும்போடு பேசுகிறவள் என்று பொருள். ஆய்வுநூலில் புனைவுக்கு என்ன வேலை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு அது வரம்பு மீறலாகத் தோன்றவில்லை. ஆதாரம் எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்று வாசகருக்குச் சொல்லிவிட்டுத்தான் அவர் எழுதினார். இரும்பு முனையை மட்டும் எண்ணிய அறிக்கைகள் தாம் எதை விட்டுவிட்டோம் என்று சொன்னதில்லை.

அந்த ஊர் நிலைக்கவில்லை. 1851 ஒப்பந்தங்களில் டகோட்டா மக்கள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தார்கள். கிடைக்கவேண்டிய பணத்தில் பெரும்பங்கை உரோமத்தோல் வணிகர்கள் பழைய கடன் என்று கணக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டார்கள். 1862இல் போர் மூண்டது. மாஸாமானி அதில் குண்டடிபட்டு இறந்தார். அந்த டிசம்பரில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள். மறு ஆண்டு மக்கள் மாநிலத்தைவிட்டே துரத்தப்பட்டார்கள்.

இன்றைக்கு ஒருவர் அப்படியொரு ஆற்றங்கரையில் கருவியோடு நடக்கிறார் என்று வையுங்கள். பாகுபாட்டை இயக்கியிருந்தால் குத்தூசியின் இரும்பு முனை அவர் காதில் விழாது. அதை அணைத்துவிட்டு எல்லா உலோகத்தையும் கேட்கும்படி வைத்தால் முனை அடிக்குரலில் ஒலிக்கும். தோண்டினால் துருப்பிடித்த ஊசி ஒன்று வரும், ஆணி என்று நினைத்து வீசிவிடலாம். கொம்புக் கைப்பிடி எந்த நிலையிலும் ஒலிக்காது. வணிகரின் ஏட்டில் அது ஒரு தோலுக்கு இத்தனை குத்தூசி என்ற ஒற்றை வரி. கைப்பிடியில் இருப்பது அந்தப் பெண் தன் கையால் எழுதிவைத்த கணக்கு. சிவப்புப் புள்ளிகளை எண்ணிப் பார்க்கலாம்.